அலமாரிக்குள் மூன்று பெட்டிகள்

சங்கத்து அன்பர்கள் நம்மைப் பெரும்பாலும் முன்பதிவுச் சாளரத்தின் வழியாகவே கண்டிருப்பார்கள். சாளரத்திற்கு உட்புறம், நமது நாற்காலியின் பின்னால், பழைய பதிவேடுகள் அடுக்கிய சிறிய அறை ஒன்று உண்டு. அதன் மூலையில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அலமாரி. அலமாரிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டையான பெட்டிகள் இரவும் பகலும் பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றை நெட்வொர்க் ஸ்விட்ச் என்று அழைக்கிறார்கள். விளக்கு ஏற்றும் ஸ்விட்ச் வேறு, இது வேறு. நிலையக் கட்டிடத்தில் உள்ள கணிப்பொறிகள், தொலைபேசிகள், காமிராக்கள் எல்லாவற்றின் கம்பிகளும் வந்து கூடும் சந்திப்பு இதுவே. ஒரு கம்பியின் வழியே வரும் செய்தித் துணுக்கு எவருக்கு உரியது என்று பார்த்து, உரிய கம்பியில் ஏற்றி அனுப்புவது இதன் தொழில்.

அலமாரியின் திறவுகோல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நாம் பொறியியல் கற்றவரல்லர். நமது நாற்காலி அந்த அறைக்கு மிக அருகில் இருந்தது என்பதே காரணம். 2023-ஆம் ஆண்டு கோடையில் அந்தத் திறவுகோலை வைத்துக்கொண்டு நாம் செய்த ஒரு தவற்றை இதுவரை இருவரிடம் மட்டுமே சொல்லியிருக்கிறோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெட்டிகளின் அமைப்பைச் சொல்லிவிடவேண்டும். மூன்று பெட்டிகளும் தனித்தனியே வேலை செய்வன அல்ல. பின்புறத்தில் கனத்த கேபிள்கள் முதற்பெட்டியை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை மீண்டும் முதலாவதோடும் பிணைத்திருக்கின்றன. வளையம் போன்ற இந்தப் பிணைப்பால் மூன்றும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச் போல நடந்துகொள்கின்றன. அவற்றுள் ஒன்று தலைமை. அது நின்றால் மற்றொன்று தலைமை ஏற்கும். வளையத்தில் ஒரு கேபிள் அறுந்தாலும் செய்தி எதிர்ப்புறமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். வளையத்தின் கொள்ளளவு குறையுமே தவிர வேலை நிற்காது. எல்லா நிறுவனத்துப் பெட்டிகளிலும் இதே முறை இல்லை. நமது நிலையத்தில் இருப்பது இது.

மின்சாரத்திலும் அவை கூட்டுக் குடும்பமே. மூன்று பெட்டிகளுக்கு நான்கு பவர் சப்ளைகள். ஒவ்வொன்றும் 715 வாட் தரக்கூடியது. நான்கும் தத்தம் மின்சாரத்தைப் பொதுவில் சேர்க்கும். மூன்று பெட்டிகளும் பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். அண்ணன் தம்பி மூன்று வீட்டுக்கு நான்கு கிணறு தோண்டிய மாதிரி. ஒரு கிணறு வற்றினாலும் ஒருவர் வீட்டிலும் குடம் காலியாகாது. பெட்டிகள் தமக்கு மட்டும் மின்சாரம் எடுத்துக்கொள்வதும் இல்லை. தொலைபேசிக்கும் காமிராவுக்கும் செய்தி போகும் அதே கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்புகின்றன. பவர் ஓவர் ஈதர்நெட் என்று பெயர் பெற்ற இந்த முறைக்கு 2003-ஆம் ஆண்டில் விதி வகுத்தபோது, ஒரு கம்பிக்கு 15.4 வாட் வரை என்று வைத்தார்கள். 2009-இல் அது 30 வாட்டாகவும், 2018-இல் 90 வாட் அளவுக்கும் உயர்ந்தது. ஆகவே நமது மேஜைத் தொலைபேசிக்குச் சுவரில் தனியாகப் பிளக் கிடையாது. அலமாரி கொடுத்தால் அதற்கு உயிர் உண்டு, இல்லையேல் இல்லை.

இனி நம் தவறு. மார்ச் மாதத்திலேயே வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது. வட நாட்டுக் கோடையை அன்பர்களுக்கு விவரிக்க வேண்டுவதில்லை. அறையில் ஒரு சிறிய கூலர் இருந்தது. ஆனால் அது மாட்டியிருந்த மின்பாதை பிற்பகலில் அடிக்கடி நின்றுவிடும். அலமாரிக்குப் பின்னால் இருந்த யுபிஎஸ் பாதையோ ஒருபோதும் நிற்பதில்லை. அதில் நான்கு பிளக்குத் துளைகள். நான்கிலும் பவர் சப்ளைகள். ஒருநாள் மதியம், நெஞ்சு படபடக்க, நான்காவது பிளக்கைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. சாளரங்களில் சீட்டு அச்சாகிக்கொண்டே இருந்தது. தொலைபேசி மணி அடித்தது. காமிராத் திரைகள் அசையவில்லை. "ஓஹோ, இது அதிகப்படியாக வைத்தது" என்று தீர்மானித்துக் கூலரின் பிளக்கை அங்கே செருகினோம். அன்று பிற்பகல் குளிர்ந்த காற்றில் அமர்ந்து வேலை செய்த சுகத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பெட்டியின் முகத்தில் செம்மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. முதல் வாரம் அதைக் காணும்போதெல்லாம் மனம் உறுத்தியது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. பராமரிப்புக்காக வந்த சிப்பந்தி, கூட்டம் மிகுந்த நாளாதலால், அலமாரியைத் திறக்காமலே பதிவேட்டில் கையெழுத்திட்டுச் சென்றார். நாமும் அவரை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததன் காரணம் வாசகர்களுக்கு விளங்கும்.

ரயில்வேயில் இருப்பவனுக்கு இது உறைத்திருக்கவேண்டும். பழைய கைகாட்டி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பி அறுந்தால் கை தானாகவே கிடைநிலைக்கு வந்து 'நில்' என்று காட்டிவிடும். கோளாறு உண்டானால் வண்டி நிற்கும். நின்ற வண்டியை எல்லோரும் பார்ப்பார்கள். ஆள் ஓடி வருவான். இந்தப் பெட்டிகளின் குணமோ நேர்மாறு. முதற்கோளாறு யார் கண்ணிலும் படாதபடி பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் பெருமை. ஆதலால் முதற்கோளாறு இரண்டு மாதம் நம் அறையில் சுகமாகக் குடியிருந்தது.

மே மாதக் கடைசி வாரம், பிற்பகல் இரண்டேகால் மணி. பள்ளி விடுமுறைக் கூட்டம் சாளரத்திலிருந்து வாசல்வரை நின்றது. இரண்டாவது பவர் சப்ளையின் விசிறி புழுதி அடைத்து நின்று, சூடேறி, அதுவும் ஓய்ந்துவிட்டது. நமக்கு அது தெரியாது. சீட்டு அச்சாவது நிற்கவில்லை; கணிப்பொறிகளுக்கு மின்சாரம் வேறு வழியில் வருவது. மேஜைத் தொலைபேசியின் சிறு திரை மட்டும் இருண்டது. அதைப் பார்த்தோம். "நல்லதாயிற்று, ஒரு பிற்பகலாவது மணி அடிக்காமல் இருக்கட்டும்" என்று எண்ணினோம். இந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு இரண்டு நாள் பிடித்தது.

அதே வேளையில், தென்திசை செல்லும் விரைவு வண்டி ஒன்று நம் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் பெற்றோர், டில்லியில் இளைய மகன் வீட்டிலிருந்து காட்பாடிக்குப் போய்க்கொண்டிருந்தனர். தந்தைக்கு வயது 78; இருதய அறுவை செய்துகொண்டவர். வழியில் மார்பு வலி கண்டது. டிக்கெட் பரிசோதகர் செய்தி அனுப்பினார். ரயில்வே மருத்துவரும் நடைமேடைக்கு வந்துவிட்டார். ஆனால் கீழ்ப்படுக்கை வேண்டுமென்று முதல்நாள் இரவே அந்த முதியவர்களை வேறு பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். மருத்துவர் கையிலிருந்த சீட்டில் பழைய பெட்டி எண்ணே இருந்தது. சரியான எண்ணும், அவர் உண்ணும் மாத்திரைகளின் பெயரும் தாயார் வாயிலாக அன்பருக்குத் தெரியும். அவரோ முப்பது கிலோமீட்டர் தொலைவில் தொழிற்சாலையில் இருந்தார். நமது மேஜைத் தொலைபேசிக்கு அழைத்தார். பதினொரு முறை அழைத்தாராம். வேலை நேரத்தில் கைபேசியைப் பூட்டி வைப்பது எங்கள் காரியாலயத்து வழக்கம் ஆகையால் அதுவும் பயன்படவில்லை.

வண்டி நிற்பது பத்து நிமிஷம். மருத்துவர் ஒவ்வொரு பெட்டியாகத் தேடி, அவரைக் கண்டபோது எட்டு நிமிஷம் கழிந்திருந்தது. நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைக்கவும், அடுத்த பெரிய நிலையத்திற்குச் செய்தி சொல்லவும்தான் நேரம் இருந்தது. அங்கே இறக்கி மருத்துவமனையில் சேர்த்தார்கள், பிழைத்துக்கொண்டார். நாம் அமர்ந்திருந்த நாற்காலிக்கும் அந்தப் பெட்டி நின்ற இடத்திற்கும் இடையே இருநூறு அடி இருக்குமோ என்னவோ.

இரண்டு நாளில், பெட்டிகளைப் பார்க்க ஒரு பொறியாளர் வந்தார். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண். கைக்கணிப்பொறியை அலமாரியோடு இணைத்துச் சிறிது நேரம் படித்தார். பின்னர் திரையை நம் பக்கம் திருப்பி, "பாபுஜி, மார்ச் 28-ஆம் தேதி பகல் 1 மணி 12 நிமிஷத்திற்கு நான்காவது சப்ளை நின்றிருக்கிறது. அன்று என்ன நடந்தது?" என்று கேட்டார். நாள், மணி, நிமிஷம் எல்லாவற்றையும் பெட்டி எழுதி வைத்திருந்தது. நாம் கூலரைக் காட்டினோம். அவர் கோபிக்கவில்லை. பின்புறம் குனிந்து கூலரின் பிளக்கைக் கழற்றி நம் கையில் கொடுத்தார். நாம் உண்மையை முதலில் சொன்னது அவரிடம்தான்.

அதன்பின் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு என்றால் நமக்கும் புரியும். 36 காமிராக்கள், ஒன்றுக்கு 15.4 வாட் ஒதுக்கீடு. 30 தொலைபேசிகள், ஒன்றுக்கு 7. கம்பியில்லா இணைப்புக் கருவிகள் 10, ஒன்றுக்கு 30. பெட்டிகளின் சொந்தத் தேவை ஒவ்வொன்றுக்கும் சுமார் 150. கூட்டினால் 1,514 வாட் சொச்சம். நான்கு சப்ளைகள் தருவது 2,860. ஒன்று போனாலும் 2,145, கவலையில்லை. இரண்டு போனால் 1,430. பற்றாக்குறை 84 வாட்டுக்குச் சற்று மேல். ஏதேனும் சில கருவிகளை அணைத்தே ஆகவேண்டும். பெட்டி 13 தொலைபேசிகளை அணைத்தது. பதின்மூன்றேழு தொண்ணூற்றொன்று, கணக்குச் சரி. கூலரின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் பிறகு பார்த்தோம்: 190 வாட்.

"காவலுக்கு அவசியமே இல்லாத பார்சல் முற்றத்துக் காமிரா எரிந்துகொண்டிருக்க, தொலைபேசியை ஏன் அம்மா அணைத்தது?" என்று கேட்டோம்.

"எது முக்கியம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே, பாபுஜி" என்றார்.

ஒவ்வொரு இணைப்புக்கும் மிக அவசியம், உயர்வு, தாழ்வு என்று மூன்று தரத்தில் ஒன்றைக் குறித்து வைக்க இடம் இருக்கிறதாம். குறிக்காவிட்டால் எல்லாம் தாழ்வு. எல்லாம் தாழ்வாக இருந்தால் எண்வரிசையே தீர்ப்பு. முன் எண் பிழைக்கும், கடைசி எண் அணையும். நம் அறை, விசாரணைச் சாளரம், முதலுதவி அறை ஆகியவற்றின் தொலைபேசிகள் 2021-இல் கடைசியாக வந்து சேர்ந்தவை. மூன்றாவது பெட்டியின் கடைசித் துளைகளில் இருந்தவை.

பட்டியல் எழுதும் வேலையை நம்மிடமே விட்டார். எளிதென்று நினைத்தோம், நான்கு நாள் ஆயிற்று. எது எரியவேண்டும் என்று கேட்டால் எல்லாமே எரியவேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேள்வியைத் திருப்பி, எது முதலில் அணையலாம் என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. உயர் உத்தியோகஸ்தர் அறையில் உள்ள கம்பியில்லாக் கருவியை எந்தத் தரத்தில் எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். முடிவில் முதலுதவி அறைத் தொலைபேசியை முதல் தரத்திலும், அந்தக் கருவியைக் கடைசித் தரத்திலும் எழுதிக் கொண்டுபோனோம். அவர் படித்தார், தம் பெயருக்கு நேரே விரலை வைத்தார், சற்று நிறுத்தி, கையெழுத்திட்டார். அந்த மனிதர்மேல் நமக்கு அன்றுமுதல் தனி மரியாதை.

மின்சாரத்திற்கு ஒரு வரிசை போல, செய்திக்கும் ஒரு வரிசை உண்டு என்பதைப் பொறியாளர் மறுநாள் விளக்கினார். தொலைபேசிக் குரல் கம்பியில் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. வினாடியை ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாக அனுப்புகிறார்கள். வாயிலிருந்து காதுக்கு 150 மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேச விதி. தாமதித்து வந்த துண்டு குப்பைக்குத்தான். சீட்டு விவரம் அப்படியல்ல. தவறினால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். பிரயாணி அரை வினாடி காத்திருப்பதை உணரவும் மாட்டார். ஆகையால் குரலை முன்னே விடுகிறார்கள். கௌரவத்தில் உயர்ந்தது என்பதால் அன்று, பிந்தினால் கெட்டுப்போவது என்பதால். கேட்டவுடனே நமக்கு விபத்து நிவாரண வண்டி நினைவுக்கு வந்தது. விபத்து நடந்த இடத்திற்கு அது போகும்போது ராஜதானியும் ஒதுங்கி நிற்கும். நிலக்கரி வண்டி லூப் பாதையில் மூன்று மணி நேரம் நின்றாலும் நிலக்கரி அழுகுவதில்லை.

துண்டின் தலையில் எழுதப்படும் எண்ணைப் பார்த்தே பெட்டி இதை அறிகிறது. 0 முதல் 63 வரை 64 எண்கள். குரலுக்கு வழக்கமாக 46. நாம் உடனே ஓர் ஐயம் கிளப்பினோம்: எல்லாக் கருவிகளும் தம் தலையில் 46 என்று எழுதிக்கொண்டு வந்தால்? அவசர ஒதுக்கீட்டுக்கு நம் காரியாலயத்திற்கு வரும் கடிதங்களைப் படித்தவனுக்கே அந்த ஐயம் தோன்றும். 'மிக மிக அவசரம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிடாத கடிதத்தை நாம் இன்னும் கண்டதில்லை. அவர் சிரித்துவிட்டார். அதற்குத்தான் வாசலிலேயே சோதனை என்றார். தொலைபேசி என்று உறுதியான கருவியின் எண்ணை மட்டும் பெட்டி நம்பும். மற்றவை எதை எழுதிக்கொண்டு வந்தாலும் அழித்து, நாம் குறித்த எண்ணையே எழுதிவிடும். குரலுக்கும் ஓர் எல்லை வைத்தார். பாதையில் இத்தனை பங்குக்கு மேல் அது எடுக்கக்கூடாது. இல்லாவிட்டால் முன்னுரிமை பெற்றது போய்க்கொண்டே இருக்க, மற்றவை நின்ற இடத்திலேயே பட்டினி கிடக்கும். பாதை காலியாக இருக்கும்போது இந்த எண்ணுக்கெல்லாம் வேலையே இல்லை. நெரிசல் வந்தால்தான் வரிசை.

புதிய பவர் சப்ளை வந்த அன்றிரவு, சாளரங்கள் மூடிய பிறகு, அவர் ஒரு விபரீதமான காரியம் செய்தார். நம் மேஜைத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசச் சொன்னார். மனைவி எதிர்முனையில், "இந்நேரத்திற்கு ஆபீஸிலிருந்து என்ன பேச்சு? சாப்பாடு ஆறுகிறது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வளையத்துக் கேபிள் ஒன்றைப் பிடுங்கினார். பேச்சு அறவில்லை. கேபிளை மீண்டும் மாட்டிவிட்டு நான்காவது பிளக்கைப் பிடுங்கினார்; அதே செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டாவதையும் பிடுங்கினார். பார்சல் முற்றத்துக் காமிராத் திரை கறுத்தது. வேறு சில காமிராக்கள் அணைந்தன. உயர் உத்தியோகஸ்தர் அறைக் கருவி அணைந்தது. மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே நின்ற நமக்கு உள்ளங்கை நனைந்துவிட்டது.

அன்பரிடம் உண்மையைச் சொல்லத் துணிவு வர ஆடி மாதம் ஆயிற்று. சங்கக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னோம். அவர் ஒரு நாற்காலியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். நெடுநேரம் பேசவில்லை. அதன்பின், "தம்பி, அந்தக் கூலர் இப்போ எங்கே ஓடுது?" என்றார். ஓடவில்லை, பழைய பதிவேடுகளின் மேல் கிடக்கிறது என்றோம். "அப்பாகிட்ட நான் சொல்லப்போறதில்லை. அந்த டாக்டரைத்தான் அவர் இன்னைக்கும் வாழ்த்திக்கிட்டிருக்கார், அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை மடக்கினார். இதை எழுதலாமா என்று பின்னொருநாள் அவரிடமே கேட்டோம். பெயர் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

இப்போது திங்கட்கிழமைதோறும் அலமாரியைத் திறந்து, நான்கு சப்ளைகளின் விளக்குகளையும் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வருகிறோம். சென்ற வாரம் மூன்றாவது சப்ளையின் விசிறி சற்றே இரைவது போலக் கேட்டது. எழுதி அனுப்பியிருக்கிறோம், ஆள் இன்னும் வரவில்லை.